அலையாத்திக் கன்றுகளுக்கு ஆபத்து

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குகிறவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு வருத்தம் உண்டு, ஐயா. வாரம் முழுக்க ஆபீஸுக்கு உழைக்கிறோம், வீட்டுக்கு உழைக்கிறோம். ஒரே ஒரு நாள்தான் வாயில்லாத ஜீவன்களுக்காகக் கிடைக்கிறது. அதையும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக் கழித்தால் மனுஷனுக்கும் மாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என் மனைவி வசந்தாவைக் கேட்பேன். மாடு கிழமை பார்த்துத் தூங்குவதில்லை என்பாள். அவளுக்கு எதையும் பெரிதாக யோசித்துப் பழக்கமில்லை.

வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உப்புமேட்டு ஓடையில் இருக்கிற கழிகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு கரையையும் வெட்டி ஓடையை அகலமாக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது கூடாது என்று சொல்லத்தான் பஸ் பிடித்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஏன் கூடாது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும். நான் வேகமாகப் பேசுகிறவன் இல்லை.

என் பெயர் தெய்வசிகாமணி. மீஞ்சூரில் சொந்த வீடு. பட்டணத்தில் ஓர் ஆபீஸில் சூப்பரிண்டென்ட். எழுபத்தொன்பதில் எங்கள் ஆபீஸில் பழவேற்காட்டுக்கு ஒரு பிக்னிக் போட்டார்கள். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரும் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏரியின் நடுவில் வெள்ளையும் ரோஸுமாக ஏதோ துணி காயப்போட்டதுபோல் தெரிந்தது. திடீரென்று அந்தத் துணி எழுந்து பறந்தது. பூநாரைகள் என்று யாரோ சொன்னார்கள். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடியும் அப்பளத்துக்குக் கை நீட்டினார்கள். என்னால் முடியவில்லை. இந்தப் பறவைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். சுற்றிலும் பார்த்தால், அப்படி எடுத்துச் செய்கிற தகுதி உள்ளவன் அங்கே என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

அப்படித்தான் ஞாயிறு நீர்நிலை நண்பர் குழு உண்டாயிற்று. நான்தான் செயலாளர். தலைவர் பதவி காலியாகவே இருந்தது. பொருத்தமான ஆள் அமையவில்லை. ராயபுரம் பள்ளிக்கூடத்து டீச்சர் மார்கரெட் வந்தார். விலங்கியல் படித்தவர், நல்ல மனசு. அப்புறம் ஆபீஸ் பையன்கள், கல்லூரி மாணவர்கள் என்று வந்துபோகிறவர்கள். எல்லாருக்கும் வெள்ளைத் தொப்பி. பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறிப் பழவேற்காடு போவோம். அங்கிருந்து படகு.

படகு சம்சுதீனுடையது. அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டில் ஒரு காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த குடும்பம் என்று சொல்வார்கள். இவருக்கு மிஞ்சியது ஒரு பெரிய தோணியும் ஒரு சின்னப் படகும்தான். அக்கரைக் குப்பத்துப் பெண்களை மீன் கூடையோடு மார்க்கெட்டுக்கு ஏற்றி வருவார், திரும்பக் கொண்டுபோய் விடுவார். ஞாயிறு காலையில் எங்களை ஏற்றிக்கொள்வார். தோணியிலேயே அடுப்பு மூட்டி டீ போட்டுக் கொடுப்பார். "நீங்க கன்னு நடுங்க சார், நான் ஓட்றேன். ரெண்டு பேருக்கும் சேத்து அல்லா நன்மை எழுதுவான்" என்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் வெறுமனே குப்பை பொறுக்கினோம். அதில் ஒரு திருப்தி இல்லை. பொறுக்கின இடம் வெறிச்சென்று கிடக்குமே தவிர, நாம் வந்து போன அடையாளம் ஒன்றும் இருக்காது. மரம் அப்படியில்லை. உப்புத் தண்ணீரில் வளர்கிற அலையாத்தி விதை வரவழைத்து என் வீட்டுப் பின்கட்டில் நாற்றுப் போட்டேன். துவைக்கிற கல்லைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பாலிதீன் பைகள். வசந்தா ஒருநாள் கொடியில் துணி போட இடமில்லாமல் நின்றுகொண்டு, "இதுக்கெல்லாம் உப்புத்தண்ணிதான் ஊத்தணுமா?" என்று கேட்டாள். ஆமாம், கலந்து ஊற்ற வேண்டும் என்றேன். "அப்ப நானே அழுதுக்கறேன், வாளி மிச்சம்" என்றாள். தமாஷாகத்தான் சொல்லியிருப்பாள்.

எங்கே நடுவது என்பது அடுத்த கேள்வி. பசியாவரத்துக்கு அப்பால் உப்புமேட்டுக்குப்பம் என்று ஒரு சின்னத் திட்டு உண்டு. அதற்கு முன்னால் பெரிய சேற்று வெளி. நடுவில் ஓர் ஓடை. கோடையில் ஏரி வற்றி முழங்கால் ஆழமாகும்போது குப்பத்துப் படகுகள் அந்த ஓடை வழியாகத்தான் போக முடியும். இன்னொரு வழி முகத்துவாரத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போவது; அங்கே நீரின் இழுப்பு ஜாஸ்தி. ஓடையின் இரண்டு கரையும் மெத்தென்று இருந்தன. கன்றை வைத்தால் கையால் அமுக்கினாலே போதும், நின்றுகொள்ளும். படகிலிருந்து இறங்கி நாலடி நடந்தால் வேலை. போட்டோ எடுத்தால் பின்னால் கலங்கரை விளக்கம் அழகாக விழும். குப்பத்துக்காரர்கள் திட்டின் கிழக்குக் கரையில் நடச் சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். இடுப்பு வரைக்கும் சேறு. நிழல் கிடையாது. தொண்டர்கள் மனசோடு வருகிறவர்கள். அவர்களைக் கஷ்டப்படுத்தினால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். ஆகவே ஓடைக்கரை என்று முடிவு செய்தேன்.

மார்கரெட் மட்டும் ஒரு சந்தேகம் எழுப்பினார். "சார், பூநாரைக்கு வெட்ட வெளிச் சேறுதான் வேணும். மரம் வந்தா அதுங்களுக்குப் பயம், கிட்ட வராது" என்றார். படித்தவர்களிடம் இந்த ஒரு தொல்லை. நிழல் வேண்டாம் என்று சொல்லும் ஜீவன் உலகத்தில் உண்டா? அவர் மனம் நோகக் கூடாதென்று சிரித்துவிட்டு, நாற்றுக் கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவரும் நட்டார்.

கன்றுகள் பிடித்துக்கொண்டன. இரண்டாவது வருஷமே ஓடைக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் இறங்கி நட்டோம். எனக்குப் பிள்ளைகள் இல்லை, ஐயா. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு கன்றின் முதல் இலை விரியும்போது அதைக் குனிந்து பார்க்கிற சுகம் என்னவென்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கன்றுகள்மேல்தான் படகு ஏறியது. ஓடை நாங்கள் நட நடக் குறுகிக்கொண்டே வந்ததால், கழி ஊன்றித் தள்ளுகிறபோது கழி கன்றுமேல் விழும். வலையை இழுத்தால் வலையோடு வேரும் வரும். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அலட்சியம். நான் குப்பத்துக்குப் போய் ஒரு கூட்டம் போட்டேன். கோயில் அரசமரத்தடியில் எல்லாரும் மரியாதையாக உட்கார்ந்தார்கள். பூமி, காற்று, பறவை என்று விரிவாகப் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து நின்றாள். எல்லப்பன் என்கிற மீனவனின் மனைவி, சாமுண்டீஸ்வரி.

"நல்லா பேசுனீங்க சார். ஆனா நீங்க செடி வெச்சிருக்கறது வழியில. அந்தக் கெழக்குக் கரையில வெச்சா நாங்களே தண்ணி ஊத்தறோம். வழியில வெச்சிட்டு வழிய வுடுன்னா, நாங்க இன்னா பறந்தா போறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லப்பன் மட்டும் எழுந்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார், அவ அப்டித்தான்" என்றான். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

முதலில் வெளிப்படையாகத்தான் வேலி போட்டேன். ஓடையின் வாயில் வரிசையாகச் சவுக்குக் கழி, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி. அடுத்த ஞாயிறு போனால் அத்தனை கழியையும் பிடுங்கிக் கரையில் அடுக்கி வைத்திருந்தார்கள். துணியையும் அவிழ்த்து, மடித்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல் வைத்திருந்தார்கள். உடைத்துப் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் வந்திருக்காது. அந்த மடிப்பில் ஓர் ஏளனம் இருந்தது. மறுபடியும் நட்டேன். மறுபடியும் மடித்து வைத்தார்கள்.

ஆபீஸில் பைல் நகராவிட்டால் என்ன செய்வோம்? சத்தம் போட மாட்டோம். எதிராளிக்குத் தெரியாமல் வேறு வழியில் நகர்த்துவோம். நான் அதைத்தான் செய்தேன். ஒரு வாரநாளில் லீவு போட்டுவிட்டு வந்தேன். "ஓடையில ஆழம் அளக்கணும் பாய், சின்னப் படகு வேணும்" என்று சம்சுதீனிடம் கேட்டேன். "நான் வரட்டா சார்?" என்றார். வேண்டாம், தனியாக அளந்தால்தான் கவனம் சிதறாது என்றேன். அவர் துடுப்பைத் துடைத்துக் கொடுத்தார். பொன்னேரியில் வாங்கி முதலிலேயே கரையில் போட்டு வைத்திருந்த கழிகளைக் கொண்டுபோய், நீர் வற்றிய வேளையில் ஓடைக்கு நடுவே அடித்தேன். கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அடிப்பது எனக்குப் புதிது, கை கொப்புளித்துப்போயிற்று. தலை வெளியே தெரிந்தால்தானே பிடுங்குவார்கள். ஆகவே தண்ணீருக்கு ஒரு சாண் கீழே இருக்கும்படி அடித்தேன். மேல் நுனியைக் கூராகச் சீவினது நான்தான். மொட்டையாக விட்டால் ஊறிச் சீக்கிரம் உளுத்துப்போகும் என்று ஒரு கொத்தனார் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அதில் எந்த உள்நோக்கமும் கிடையாது.

பலன் உடனே தெரிந்தது. ஒரு வலை கிழிந்தது. ஒரு படகின் அடிப்பலகை பிளந்தது. ஓடைக்குள் ஏதோ பழைய மரம் புதைந்து கிடக்கிறது என்று ஒருத்தர், கன்னிமார் கோபம் என்று இன்னொருத்தர். இறங்கித் தேடினவர்கள் சேறு காலை இழுக்கவே ஏறிவிட்டார்கள். கொஞ்ச நாளில் படகுகள் ஓடையை விட்டுவிட்டு முகத்துவாரத்தை ஒட்டிச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பாருங்கள், வழி இல்லை வழி இல்லை என்றார்கள்; இருந்தது. இழுப்பு ஜாஸ்தி என்பதால் கொஞ்சம் கஷ்டப்பட்டிருப்பார்கள். கஷ்டப்படாமல் எந்த நல்லது நடந்திருக்கிறது? என் கன்றுகள் அந்த வருஷம் மளமளவென்று வளர்ந்தன. ஓடைக்கரையில் எப்போதும் இல்லாத ஓர் அமைதி. அந்த அமைதியில் போய் உட்கார்ந்தால் மனசு கழுவிவிட்டதுபோல் இருக்கும். மார்கரெட்கூட, "ரொம்ப அமைதியா இருக்கு சார்" என்றார். படகு ஏன் வரவில்லை என்று அவர் கேட்டபோது, மக்கள் திருந்திவிட்டார்கள் என்று சொன்னேன்.

அப்புறம் அந்த ஞாயிறு. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் பார்த்தபடி சொல்கிறேன்.

மாசி மாதம். வாடைக் காற்று ஓய்ந்தாயிற்று என்று நினைத்தால், போகிற போக்கில் ஒரு தரம் திரும்பிப் பார்க்கும் அல்லவா, அப்படி ஒரு காற்று. அன்றைக்கு எங்கள் குழுவின் வேலையைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். மூன்று வருஷமாக எழுதிக் கேட்டு வந்தவர். அவருக்காகத் திட்டில் பந்தல் போட்டு, நாற்காலி கொண்டுவந்து, பாட்டரியில் ஒரு மைக்கும் வைத்திருந்தோம். நான் வரவேற்புரை பேசினேன். அதிகாரி ஒரு கன்றை நட வேண்டும். அவர் பேண்ட்டை மடித்துக்கொண்டு, ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற தோணி அப்போது தெரிந்தது. சம்சுதீன் பாய்மரம் விரித்திருந்தார். வழக்கமான சுற்று வழியில் போகாமல் ஓடைக்குத் திருப்பினார். முகத்துவாரத்துப் பக்கம் அலை அப்படி அடித்தது. தோணி நிறையப் பெண்கள். காலிக் கூடைகள், அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின். யாரோ எங்கள் பந்தலைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். அதிகாரியும் பதிலுக்குக் கை ஆட்டினார்.

காற்று வேகத்தில் வந்த தோணி ஏதோ கையால் பிடித்து நிறுத்தினதுபோல் நின்றது. முன்பக்கம் தூக்கிற்று. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்க்க மிகவும் சாதாரணமாக இருந்தது.

அங்கே ஆழம் என்று பார்த்தால் மார்பளவுதான். ஆனால் அடியில் சேறு. ஈரப் புடவை காலைச் சுற்றிக்கொள்ளும், சேறு பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பையன்கள் தொப்பியை எறிந்துவிட்டு ஓடினார்கள். மார்கரெட்டும் ஓடினார், நீச்சல் தெரியாதவர். நான் மைக்கில், "யாரும் பதற வேண்டாம், கன்றுகளைப் பார்த்து நடங்கள்" என்று சொன்னேன். கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது செயலாளரின் பொறுப்பு. அதிகாரி கையில் கன்றோடு நின்றுகொண்டிருந்தார். "இதை இப்ப நடலாமா?" என்று என்னைக் கேட்டார். நடலாம் என்றேன். நட்டார்.

சம்சுதீன் பெண்களைத் தூக்கித் தூக்கிக் கரையில் போட்டார். போட்ட இடமெல்லாம் என் கன்றுகள்மேல். அதைக் குறையாகச் சொல்லவில்லை, நெருக்கடியில் அப்படித்தான் ஆகும். கடைசித் தடவை போனவர் மேலே வரவில்லை. தோணியின் அடியில் கழி குத்தி நின்ற இடத்தில் அவருடைய லுங்கி மாட்டிக்கொண்டிருந்ததாக அப்புறம் சொன்னார்கள். சாமுண்டீஸ்வரியும் போய்விட்டாள். இன்னும் மூன்று பேரோ நாலு பேரோ; பேப்பரில் சரியாகப் போட்டிருந்தான். கன்றுகளின் சேதம் எனக்குத் துல்லியமாகத் தெரியும், தேவையானால் சொல்கிறேன்.

தோணியை நிமிர்த்தினபோது கழிகள் வெளிப்பட்டன. எல்லப்பன் கழி ஊன்றிக் கட்டுவலை போடுகிறவன். அவனும் சவுக்குக் கழிதான் அடிப்பான். வலை போடும் இடத்துக்காகச் சம்சுதீனோடு அவனுக்குப் பழைய சச்சரவு ஒன்று இருந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று காலையில் பெண்டாட்டியோடு வாய்ச்சண்டை போட்டானாம். எல்லாம் பொருந்தி வந்தது. நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். என்னையும் விசாரித்தீர்கள். எல்லப்பன் எங்கள் கன்று நடுவதை எதிர்த்தானா என்று கேட்டீர்கள். அவன் வீட்டில் எதிர்த்தார்கள் என்று சொன்னேன். அது உண்மைதானே.

நாங்கள் ஓர் இரங்கல் கூட்டம் நடத்தினோம். இறந்த ஒவ்வொருவர் பெயராலும் ஓடைக்கரையில் ஒரு கன்று நட்டோம். சம்சுதீன் பெயரில் நட்ட கன்று நன்றாகப் பிடித்திருக்கிறது. அவர் சம்சாரம் கரீமா கூட்டத்துக்கு வரவில்லை. சொல்லி அனுப்பியும் வரவில்லை. துக்கத்தில் மனுஷர்களுக்கு மரியாதை மறந்துபோகிறது.

மார்கரெட் அந்தக் கூட்டத்தோடு குழுவை விட்டு விலகினார். ரயில் ஏறும்போது என்னிடம், "அந்தக் கழிங்க ஒரே அளவுல இருந்துது சார். வலைக்காரங்க அப்படி வெட்ட மாட்டாங்க" என்றார். நான் அவருடைய வெள்ளைத் தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் மேலே கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர்போல் போய்ப் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார்.

எல்லப்பனை ஒருதரம் லாக்கப்பில் வந்து பார்த்தேன், உங்கள் ஏட்டுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தேன். தாடி வளர்ந்து ஆளே மாறியிருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. என் பொஞ்சாதி வர்ற தோணி சார் அது. நானு கழி அடிப்பனா?" என்று அழுதான். மனசைத் தளர விடாதே, நியாயம் ஜெயிக்கும் என்று சொன்னேன். உண்மையிலேயே அவனுக்காக வருத்தப்பட்டேன். ஆனால் ஒரு பக்கம் யோசித்தால், அவனுக்கு வீட்டில் இனி யார் இருக்கிறார்கள்? வெளியே வந்தால் அந்த ஓடையைத் தினம் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது ஒரு விதத்தில் அவனுக்கு ஆறுதல் என்று எனக்குத் தோன்றிற்று. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். கழியைப் பிடுங்கிக் கரையை வெட்டச் சொல்லும் இந்த உத்தரவு மட்டும் வராமல் இருந்திருந்தால் இப்போதும் பேசாமல்தான் இருந்திருப்பேன். மனுஷர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள், வக்கீல் இருக்கிறார், கோர்ட் இருக்கிறது. கன்றுகளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆக, கழி அடித்தது எல்லப்பன் இல்லை, நான். அதை எல்லப்பனின் குற்றமாக எடுத்துக்கொண்டுதானே பிடுங்கச் சொல்லியிருக்கிறார்கள். அது ஒரு சேவை நோக்கத்தில் அடித்தது என்று தெரிந்தால் மேலதிகாரிகள் மறுபரிசீலனை செய்வார்கள் என்று நம்புகிறேன். கரையை வெட்டினால் ஐந்து வருஷ வேர் போய்விடும். பூநாரைகள் இந்த வருஷம் வரவில்லை என்று பழவேற்காட்டில் பேசிக்கொள்கிறார்கள். மார்கரெட் சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை. விபத்துக்குப் பிறகு ஆட்கள் அடிக்கடி வந்து கூட்டம் போட்டதில் கலைந்திருக்கும்.

எதுவோ விட்டுப்போகிறது என்று உங்கள் முகம் சொல்கிறது. கேளுங்கள். அன்றைக்குக் காலையில் சம்சுதீன் என்னிடம் ஏதாவது பேசினாரா என்றா? பேசினார்.

எங்களைத் திட்டின் மறுபக்கத்தில் இறக்கிவிட்டபோது பேசினார். மற்றவர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். அவர் தோணியில் நின்றபடி வானத்தைப் பார்த்தார்.

"காத்து சரியில்ல சார். மதியானம் பொம்பளைங்கள ஏத்தினு வரணும். முகத்துவாரத்துப் பக்கம் போனா கவுத்துரும். ஓடைல வரலாம்னு பாக்கறேன். குப்பத்துல ஆளாளுக்கு இன்னான்னாவோ சொல்றானுங்க. நீங்கதான் எறங்கி அளந்தவரு. உள்ள தடங்கல் எதுனா கீதா சார்?"

அதிகாரி வருகிற நாள். இருக்கிறது என்று சொன்னால் எங்கே, என்ன என்று கேட்பார். இறங்கிப் பார்ப்பார். அவர் கைக்குச் சவுக்கு தட்டுப்படும். ஊரைக் கூப்பிடுவார். பந்தலுக்கு முன்னால் அத்தனையையும் பிடுங்கி அடுக்குவார்கள். இதெல்லாம் நான் அப்போது யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன். அவசரப்படவில்லை. அவரும் பதிலுக்காகப் பொறுமையாக நின்றார், கையில் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே.

"ஒண்ணும் இல்ல பாய். தாராளமா வாங்க" என்றேன்.

"அப்ப சரி சார். நீங்க சொன்னா சரி" என்று கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்.

இதைப் பொய் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. பொய் பேசிப் பழக்கமில்லாதவன் நான். அவர் தடங்கல் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். நான் அங்கே அடித்து வைத்திருந்தது தடங்கல் இல்லை. வேலி.